நாட்டின் விதைநெல்: சிங்கராஜ வனமும் கமத்தொழிலும்

அறுவடை முடிந்ததும் கமக்காரர் முதலிற் செய்யும் வேலைகளுள் ஒன்று, அடுத்த போகத்திற்கு வேண்டிய விதைநெல்லைப் பிரித்து வைத்தலாகும். சூடடித்துத் தூற்றிய நெல்லில் நல்ல மணிகளைத் தெரிந்து, வெய்யிலில் உலர்த்தி, ஈரமும் பூச்சியும் அணுகாத இடத்திற் பாதுகாத்து வைக்கின்றனர். மழை பொய்த்து வீட்டில் அரிசி குறைந்த காலத்திலும் அந்நெல்லைக் குற்றி உண்ணத் துணிவோர் அரியர். உண்டால் ஒரு கிழமைப் பசி தீரும். ஆனால் வரும் போகத்தில் வயல் தரிசாகக் கிடக்கும் என்பதை அவர்கள் அறிவர்.

நாடு முழுவதற்கும் அவ்வாறான விதைநெல் ஒன்றுண்டு. இலங்கையின் தென்மேற்கே இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் சிங்கராஜ வனமே அது. ஒரு காலத்தில் ஈரவலயத்தின் பெரும்பாகத்தை மூடியிருந்த மழைக்காட்டின் எஞ்சிய பகுதிகளுள் இதுவே முதன்மையானது. இதனை இழந்தால் மீண்டும் விதைப்பதற்கு வேறு வித்துக் கிடையாது. இக்கூற்று வெறும் உவமையன்று. மழைக்காட்டு மரங்களின் வித்துக்கள் எத்தன்மையன என்பதை நோக்குவோருக்கு இதன் உண்மை நன்கு விளங்கும்.

மழையும் ஆறுகளும்

சிங்கராஜ வனம் கிழக்கு மேற்காக நீண்டு ஒடுங்கிக் கிடப்பது. உலக மரபுரிமை இடமாகப் பதிவு செய்யப்பட்ட பகுதியின் பரப்பு 8,864 ஹெக்டேயர். ஏக்கரிற் கூறின் ஏறக்குறைய 21,900. கடல் மட்டத்திற்கு மேல் 300 மீற்றர் தொடக்கம் 1,170 மீற்றர் வரை உயர்ந்த மலைமுகடுகளையும் அவற்றிடையே ஆழ்ந்த பள்ளத்தாக்குகளையும் இது கொண்டது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஆகிய இரண்டுமே இங்கு மழை தருகின்றன. ஆண்டொன்றுக்கு 3,600 மில்லிமீற்றர் முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கின்றது. இது யாழ்ப்பாணத்திற் பெய்யும் மழையிலும் ஏறத்தாழ மூன்று மடங்காகும். மழையே இல்லாத மாதமென ஒன்று இங்கில்லை.

வனத்தின் வடபாலுள்ள ஓடைகள் களுகங்கையையும் தென்பாலுள்ள ஓடைகள் ஜின் கங்கையையும் சென்றடைகின்றன. இவ்விரு நதிகளும் களுத்துறை, காலி மாவட்டங்களின் தாழ்ந்த வயல்களினூடாகப் பாய்ந்து கடலிற் கலக்கின்றன. ஆகவே மலையிற் காடு நிற்பதும் நில்லாததும் கீழேயுள்ள நெல்வயலைப் பாதிக்கும் விடயங்களாகும்.

காட்டில் விழும் மழைத்துளி நேரே நிலத்தைத் தாக்குவதில்லை. நூறடிக்கு மேல் வளர்ந்த மரங்களின் முடிகள் அதனை முதலில் ஏந்துகின்றன. அவற்றின் கீழ் நிற்கும் நடுத்தர மரங்கள் மீண்டும் ஏந்துகின்றன. அதன் பின்னர் செடிகளும் கொடிகளும் ஏந்துகின்றன. ஈற்றில் அது வீழ்வது வெறும் மண்ணிலன்று, உக்கிய இலைகளாலான மெத்தை போன்ற படையிலாகும். அப்படையும் அதன் கீழுள்ள வேர்களும் நீரைத் தாமதப்படுத்தி மண்ணுட் புகவிடுகின்றன. மண்ணுட் புகுந்த நீர் மழையற்ற நாட்களிலும் ஊற்றாகக் கசிந்து ஓடையை உயிரோடு வைத்திருக்கின்றது. காட்டினின்று வரும் ஓடை தெளிந்திருப்பதையும், வெட்டவெளியான சரிவிலிருந்து வரும் ஓடை மழை பெய்த அன்றே செந்நிறமாகப் பெருகி மறுகிழமை வற்றிப்போவதையும் கண்ட கமக்காரர் பலர். அச்செந்நிறம் மேல்மண்ணேயாகும்.

வளம் மண்ணிலன்று

இத்துணை செழிப்பான காடு வளரும் மண் மிகவும் வளமானதாக இருத்தல் வேண்டுமென்று எண்ணுவது இயல்பு. காட்டை வெட்டிப் பயிரிட்டோர் பலரும் அவ்வாறே எண்ணினர். ஆனால் உண்மை வேறு. ஈரவலயத்துச் செம்மஞ்சள் மண்ணைப் பல்லாயிரம் ஆண்டு மழை கழுவி, அதிலிருந்த போசணைப் பொருள்களிற் பெரும்பகுதியைக் கீழே கொண்டு சென்றுவிட்டது. காட்டின் வளம் மண்ணின் ஆழத்தில் இல்லை. உயிருள்ள மரத்திலும் உதிர்ந்த இலையிலுமே அது தங்கியுள்ளது. இலை உதிர்ந்ததும் பூஞ்சணங்களும் கறையானும் மண்புழுவும் பிற சிற்றுயிர்களும் அதனை உக்கச் செய்கின்றன. மேற்படையில் வலைபோற் பின்னிய வேர்கள், தம்மோடு இணைந்து வாழும் பூஞ்சணங்களின் துணைகொண்டு, அவ்வளத்தைக் கழுவுண்டு போகுமுன் உறிஞ்சிக் கொள்கின்றன. வரவும் செலவும் ஒத்த கணக்குப்போல இது நடைபெறுகின்றது.

காட்டை வெட்டி எரித்தால் மரத்திலிருந்த வளம் சாம்பலாகி மண்ணிற் சேர, முதற் போகம் நன்றாக விளைகின்றது. இரண்டாம் ஆண்டில் விளைச்சல் குறைகின்றது. அதன் பின்னர் மழை சாம்பலையும் மேல்மண்ணையும் ஒருங்கே கொண்டுபோக, களை மிகுந்து, நிலம் கைவிடப்படுகின்றது. சேனைச் செய்கையாளர் ஓரிரு போகத்தின் பின் வேறிடம் நாடியதற்குக் காரணம் இதுவேயாகும். மக்கட்டொகை குறைந்திருந்த காலத்தில், கைவிட்ட நிலம் நீண்ட காலம் ஓய்ந்திருந்து மீண்டும் மரஞ்செறிந்தது. நிலம் சுருங்கிய பின்னர் அவ்வோய்வுக்கு இடமில்லாது போயிற்று. அவ்விடங்களிற் பலவற்றிற் 'கெகில்ல' எனப்படும் பன்னம் அடர்ந்து படர்ந்து, வேறு கன்றுகள் தலையெடுக்கவொட்டாது தடுக்கின்றது.

சேமிக்க இயலாத வித்து

நெல்மணி உலர உலரக் கெடாது நிலைக்கும். பயறும் உழுந்தும் மிளகாய் வித்தும் அத்தன்மையனவே. மழைக்காட்டுப் பெருமரங்களின் வித்துக்களோ பெரும்பாலும் இதற்கு மாறானவை. சிங்களத்தில் 'ஹொர', 'பெரலிய', 'ஹல்' என வழங்கும் மரங்களின் வித்துக்கள் ஈரமும் கொழுப்பும் நிறைந்தவை. அவை நிலத்தில் விழுந்த சில நாட்களிலேயே முளைக்கின்றன. முளையாதவை சில கிழமைகளுள் இறந்துபடுகின்றன. உலர்த்தினால் அவை உயிரிழக்கும். மூட்டையிற் கட்டி வைத்து மறு ஆண்டு விதைத்தல் இயலாது. மேலும் இம்மரங்களிற் பல ஆண்டுதோறும் நிறையக் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கொரு முறையே பெருகக் காய்க்கின்றன.

இத்தகைய வித்துக்களைக் கையாளுவது எத்துணைக் கடினம் என்பதற்கு இறப்பரின் வரலாறு நல்ல சான்றாகும். 1876ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் அமேசன் மழைக்காட்டிலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் ஏறக்குறைய 70,000 இறப்பர் வித்துக்களை இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். கியூ தாவரவியற் பூங்காவில் விரைந்து விதைத்தும் முளைத்தவை சுமார் 2,700 மாத்திரமே. நூற்றுக்கு நான்கு பங்கு முளைத்தது எனலாம். அக்கன்றுகளிலே 1,900க்கு மேற்பட்டவை அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. மழைக்காட்டு வித்து, வழியிலேயே உயிர்போகும் வித்து என்பதை இது காட்டுகின்றது.

அவ்வாறாயின் காடு தன் விதைநெல்லை எங்கே வைத்திருக்கின்றது? தாய்மரத்திலும், அதன் நிழலில் நிற்கும் கன்றுகளிலுமே வைத்திருக்கின்றது. காட்டின் அடித்தளத்தை அடையும் ஒளி நூற்றில் ஓரிரு பங்கே. அம்மங்கிய ஒளியில் ஒரு முழம் உயரக் கன்றுகள் ஆண்டுக்கணக்காக வளராதும் சாகாதும் காத்து நிற்கின்றன. முதிர்ந்த மரமொன்று சரிந்து வானம் தெரிந்ததும் அவை விரைந்தெழுகின்றன. வயலின் மூலையிலுள்ள நாற்றுமேடை போல, காட்டின் தரை முழுவதும் நாற்றுமேடையாகவே இருக்கின்றது. தாய்மரத்தை வெட்டி, கன்றுகளை மிதித்து, தரையை வெய்யிலுக்குத் திறந்துவிட்டால், வித்தும் நாற்றும் ஒருங்கே அழிகின்றன.

இங்குள்ள மரவகைகளில் நூற்றுக்கு 60க்கு மேற்பட்டவை இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் அவர்தம் குழுவினரும் 1990களில் இவ்வனத்தில் 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, ஒரு சென்ரிமீற்றர் பருமனுக்குக் குறையாத மரங்கள் ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டனர். அச்சிறு நிலப்பரப்பிலே 2 இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்களும், 200க்கு மேற்பட்ட மரவினங்களும் காணப்பட்டன. வெளிநாட்டிலிருந்து தருவிக்கக்கூடிய விதையன்று இது.

காட்டுயிர்களின் பணி

காட்டிலுள்ள பிராணிகளும் பறவைகளும் அங்கே வீணே வாழ்வனவல்ல. பழந்தின்னும் பறவைகளும், மரங்களில் தாவும் ஊதாமுக மந்திகளும், வௌவால்களும் பல மரங்களின் வித்துக்களைத் தூரத்தே கொண்டு சென்று சேர்க்கின்றன. பெருந்தேனீக்கள் உயர்ந்த மரங்களின் பூக்களில் மகரந்தஞ் சேர்க்கின்றன. மரை, கேளையாடு, சருகுமான் ஆகியவற்றோடு சிறுத்தையும் இங்கு வாழ்கின்றது.

இவ்வனத்தில் வியப்புக்குரிய காட்சி பறவைகளின் கூட்டுவேட்டையாகும். செம்மஞ்சள் அலகுடைய தவிட்டுக் குருவிகள் இரைச்சலிட்டுக் கொண்டு முன்செல்ல, கொண்டைக் கரிச்சான் காவல் செய்ய, செம்முகப் பூங்குயில் முதலான பல இனப்பறவைகள் ஒரே கூட்டமாக இலைகளைக் கிளறிப் பூச்சிகளை உண்டு செல்கின்றன. பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவருடன் ஆராய்ந்தோரும் கணக்கிட்டவாறு, கூட்டமொன்றில் சராசரி 40 பறவைகள் வரையும் 10க்கு மேற்பட்ட இனங்களும் உள்ளன. பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் இவ்வேலைக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை.

இங்குள்ள சிறு மரத்தவளைகளிற் பலவற்றிற்கு வாற்பேய்ப் பருவமே இல்லை. ஈரமான உக்கல் இலைகளின் நடுவே இடப்பட்ட முட்டையிலிருந்து சிறு தவளையே நேராக வெளிவருகின்றது. நிழல் நீங்கி இலைப்படை உலர்ந்தால் முட்டைகளும் உலர்ந்து போகின்றன. இலங்கைக்குரிய தவளையினங்களிற் பல இவ்வாறு ஏற்கெனவே அழிந்தொழிந்தன. காட்டின் செல்வம் முழுவதும் இன்னும் எண்ணி முடியவில்லை என்பதற்கும் சான்றுண்டு. செந்நிறமான சிறு ஆந்தையினம் ஒன்று 2001ஆம் ஆண்டில் இவ்வனத்தில் முதன்முதலாகக் கண்ணாற் காணப்பட்டு, 2004ஆம் ஆண்டில் அறிவியலுக்குப் புதிய இனமாக விவரிக்கப்பட்டது.

காட்டோரக் குடிகள்

சிங்கராஜ வனத்தைச் சூழ இருபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் உள்ளன. அங்குள்ளோர் பள்ளத்தாக்கில் நெல்லும், வீட்டைச் சுற்றி மிளகு, கறுவா, பலா, கமுகு முதலியனவும் பயிரிட்டு, காட்டினின்றும் ஒரு பகுதி வருவாயைப் பெற்று வாழ்ந்தவர்களாவர். கித்துள் மரத்தின் பாளையைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் செய்தல் அவர்களது பழைய தொழில். பதநீர் புளியாதிருக்க ஹல் மரப்பட்டையை இடுவர். பெரலிய வித்தைப் பதப்படுத்தி இடித்து மாவாக்கிப் பிட்டும் ரொட்டியும் செய்வர். பிரம்பு, ஏலம், மரமஞ்சள் ஆகியவற்றையும் சேகரிப்பர்.

இம்மக்கள் மரத்தை வெட்டாது அதன் பயனைக் கொண்டவர்கள். கித்துள் சீவுவோர் மரத்தைக் கொல்வதில்லை. அடுத்த பாளைக்காகக் காத்திருக்கின்றனர். எனினும் கடந்த சில பத்தாண்டுகளில் இந்நிலை மாறியுள்ளது. தாழ்நிலத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்தமையால் சிறு தேயிலைத் தோட்டங்கள் காட்டின் எல்லைவரை பரவின. இன்று இலங்கைத் தேயிலையிற் பாதிக்கு மேற்பட்டது தாழ்நிலத் தேயிலையேயாகும். குடும்பத்தைக் காக்க அரை ஏக்கர் தேயிலை நடுவோரைக் குற்றங்கூறுதல் எளிது; அவரது நிலையை உணர்தலும் வேண்டும். கித்துள் சீவும் கை அருகி, தேயிலைக் கொழுந்தே ஒரே வருவாயாகும்போது, காடு நிற்பதில் அக்குடும்பத்துக்குள்ள நாட்டமும் குறைகின்றது. காட்டோரக் குடிகளுக்கு நேர்மையான பிழைப்பு இருக்கும்வரை மாத்திரமே காட்டின் எல்லை நிலைக்கும்.

வெட்டுண்ட காலம்

ஈரவலயக் காடுகளின் அழிவு ஒரு நாளில் நேர்ந்ததன்று. 1830களிலிருந்து மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக வெட்டப்பட்டன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரே அக்கடும் பணியைச் செய்தனர்; அவர்களிற் பலர் வழிநடையிலும் காட்டிலும் நோயால் மாண்டனர். 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் தோன்றியது. 1880ஆம் ஆண்டில் அதனை ஆராய வந்த ஹரி மார்சல் வோட், இடைவெளியின்றி ஒரே பயிர் பரந்து கிடந்தமை நோய் பரவுதற்கு ஏதுவாயிற்று என்பதை எடுத்துக்காட்டினார். மலைக்குமலை கோப்பி அழிந்தது. ஆயின் வெட்டிய காடு திரும்பவில்லை. அவ்விடத்தைத் தேயிலை நிரப்பியது; தாழ்ந்த சரிவுகளை இறப்பர் பிடித்தது. பல வகைத் தாவரங்கள் கலந்து நின்ற நிலத்தில் ஒரே பயிரை நிறுத்துவதன் ஆபத்தைக் கமக்காரர் இதனின்றும் அறிதல் நன்று.

1956ஆம் ஆண்டில் நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு காடாக இருந்தது. 1992ஆம் ஆண்டில் அடர்காடு நூற்றுக்கு 24 பங்காகக் குறைந்தது. சிங்கராஜ வனமோ, 1875ஆம் ஆண்டிலேயே முடிக்குரிய நிலமாக்கப்பட்டமையாலும், எளிதில் அணுக முடியாத மலையிடமாதலாலும் தப்பி நின்றது. எனினும் 1970களின் தொடக்கத்தில், ஒட்டுப்பலகை ஆலைக்கு மரம் வழங்குவதற்காக இயந்திரங்கள் வனத்தினுட் புகுந்தன. வீதிகள் வெட்டப்பட்டன, பெருமரங்கள் தெரிந்து வீழ்த்தப்பட்டன. ஒரு மரம் விழும்போது அதனைச் சூழ நின்றவையும் முறிந்தன. இழுத்துச் சென்ற தடங்களில் மண் இறுகியது.

இதனை எதிர்த்துப் பொதுமக்களும் அறிஞர்களும் குரலெழுப்பினர். வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராயிருந்த திலோ ஹொவ்மன் அவர்களுள் முன்னின்றவர். சுவிற்சர்லாந்திற் பிறந்து இலங்கையிற் பயிரியல் வல்லுநராகப் பணியாற்றிய அவர், பயிர் வளர்ப்பாரின் கண்கொண்டே காட்டை நோக்கினார். 1977ஆம் ஆண்டில் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1978ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் வனத்தை உயிர்க்கோள ஒதுக்கிடமாக ஏற்றது. 1988ஆம் ஆண்டில் இது தேசிய மரபுரிமை வனப்பகுதியாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, அதே ஆண்டில் உலக மரபுரிமை இடமாகவும் பதிவாயிற்று. அன்று மரமேற்றிய வாகனங்களுக்கென வெட்டிய குடாவப் பக்கத்து வீதியிலே இன்று வனத்தைக் காண வருவோர் நடந்து செல்கின்றனர்.

மீட்டெடுத்தலின் அருமை

வனத்தின் ஓரங்களில், காட்டுக்கும் கிராமத்துக்கும் இடையே காப்பாக, 1970களின் இறுதியிலிருந்து பைன் மரங்கள் நடப்பட்டன. அவை விரைந்து வளர்ந்தன. ஆனால் அவற்றின் கீழே உள்நாட்டுப் பெருமரக் கன்றுகள் தாமாகத் தோன்றவில்லை. முன்னர் கூறியவாறு அம்மரங்களின் வித்துக்கள் தொலைவு செல்லாதவை, சேமிப்பில் நில்லாதவை. ஆகவே ஆராய்ச்சியாளர் 1990களில் பைன் வரிசைகள் சிலவற்றை அகற்றி, அவ்விடைவெளிகளில் காட்டினின்று பெற்ற வித்துக்களால் வளர்த்த கன்றுகளைக் கையால் நட்டனர். போதிய ஒளி கிடைத்த இடங்களில் அவை நன்கு வளர்ந்தன. பழுதுற்ற நிலத்தை மீட்க இயலும் என்பதை இது நிறுவியது. ஆயின், அக்கன்றுகளுக்கு வித்துக் கொடுத்தது அருகில் நின்ற சிங்கராஜ வனமே என்பதை மறத்தலாகாது. அதுவும் இல்லாதிருந்தால் நடுவதற்கு என்ன இருந்திருக்கும்?

காட்டுக்கு நேரும் கேடு இன்னும் ஒழியவில்லை. 2010களில் 'வல்லப்பட்டை' எனப்படும் மரத்தின் நறுமணப் பிசினுக்கு வெளிநாட்டில் உயர்ந்த விலை கிடைப்பதையறிந்தோர், அம்மரங்களைக் களவாக வெட்டிக் கடத்தினர். எல்லையிற் சிறிது சிறிதாகக் காடு கரைவதும் நடைபெறுகின்றது.

2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களிற் பெருவெள்ளமும் மண்சரிவும் நேர்ந்து, ஒவ்வொரு முறையும் 200க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வயல்கள் நீரில் மூழ்கின, மண்படிந்து பாழாயின. அத்துணை பெருமழையைக் காடு முற்றாகத் தடுத்துவிடும் என்று கூறுதல் பொருந்தாது. காடுள்ள சரிவும் சில வேளைகளிற் சரிவதுண்டு. ஆனால் ஆழவேரோடிய மரங்களை நீக்கி, வடிகாலின்றி வெட்டிய செங்குத்துச் சரிவு மிக எளிதிற் சரியும் என்பதிலும், அதன் மண் ஆற்றின் அடியை உயர்த்திச் சிறு வெள்ளத்தையும் வயலுக்குள் திருப்பும் என்பதிலும் ஐயமில்லை.

உலர்வலயக் கமக்காரருக்கும் இது உரியதே

வன்னியிலோ மட்டக்களப்பிலோ பயிர்செய்வோர், ஈரவலயக் காடு தமக்குத் தொடர்பற்றது என்று எண்ணுதல் கூடும். மகாவலி கங்கையை நோக்கின் அவ்வெண்ணம் நீங்கும். 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவிற் கலக்கும் அந்நதியின் நீர், ஹோட்டன் சமவெளி போன்ற மலையுச்சிக் காடுகளிலே பிறக்கின்றது. சிங்கராஜ வனம் களுகங்கைக்கும் ஜின் கங்கைக்கும் செய்வதை அம்மலைக்காடுகள் மகாவலிக்குச் செய்கின்றன. 1976ஆம் ஆண்டில் பொல்கொல்லையில் நதி திருப்பப்பட்ட பின்னர், அதன் நீர் வடமத்திய மாகாண வயல்களையும் அடைகின்றது. 2010ஆம் ஆண்டில் அம்மத்திய மலைநாட்டுக் காடுகளும் உலக மரபுரிமை இடமாயின. வாய்க்காலில் வரும் நீரின் தலை, கண்ணுக்கெட்டாத காட்டிலிருக்கின்றது.

கமக்காரர் செய்யத்தக்கவை

காட்டைக் காத்தல் அரசாங்கத்தின் கடமை மாத்திரமன்று. காடு கைக்கொள்ளும் முறைகளைத் தம் நிலத்திலும் கைக்கொள்ளும் கமக்காரர் தமக்கும் அயலவர்க்கும் நன்மை செய்தவராவர்.

1. மண்ணை வெறுமையாக விடலாகாது. மரக்கறிப் பாத்திகளின் மீது உலர்ந்த இலைகளையும் வைக்கோலையும் பரப்பி மூடின், மழை மண்ணைக் கரைக்காது, வெய்யில் ஈரத்தை உறிஞ்சாது, களையும் குறையும்.

2. வைக்கோலையும் பயிர்க் கழிவுகளையும் எரித்தல் தகாது. காடு தன் இலையை எரிப்பதில்லை, உக்கவிட்டே உண்கின்றது. வைக்கோலை வயலிலேயே பரப்பி உழுதோ, கூட்டெருவாக்கியோ மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

3. வேலியோரங்களிற் கிளிசரிடியா, பூவரசு முதலிய மரங்களை நட்டு, அவற்றின் தழையைப் பசுந்தாட் பசளையாக இடுதல் சிறந்தது. வேலி காற்றையும் தடுக்கும், விறகும் தரும், விறகுக்காகக் காட்டை நாட வேண்டியதுமில்லை.

4. சரிவான நிலத்தில் மேலிருந்து கீழ்நோக்கி உழுதலும் பாத்தியமைத்தலும் பெருந்தவறு. சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில் கல்லணையும் வடிகாலும் அமைத்தல் வேண்டும். மிகச் செங்குத்தான சரிவைப் பயிருக்கு எடாது மரத்துக்கே விடுதல் நன்று.

5. ஓடைக்கரையிலும் குளக்கரையிலும் நிற்கும் மரஞ்செடிகளை அகற்றலாகாது. அவை கரையைப் பிடித்து வைப்பதோடு, வயலிலிருந்து கழுவுண்டு வரும் மண்ணையும் பசளையையும் தடுக்கின்றன. பீடைநாசினித் தெளிகருவிகளை ஓடையிற் கழுவுதல் மீனையும் தவளையையும் கொல்லும். கீழே நீர் அள்ளுவோருக்கும் தீங்காகும்.

6. ஒரே பயிரையும் ஒரே வர்க்கத்தையும் நம்பியிராது, பயிர்களை மாற்றியும் கலந்தும் செய்கைபண்ணல் வேண்டும். பலா, மா, மிளகு, கறிவேப்பிலை எனப் பல அடுக்காக வளரும் வீட்டுத்தோட்டம் சிறு மழைக்காட்டையே ஒக்கும்.

7. ஒதுக்கப்பட்ட வனத்தில் மரம் வெட்டுதலும், செடிகொடிகளையும் உயிர்களையும் எடுத்தலும் சட்டப்படி குற்றமாகும். அத்தகைய செயல் தெரியவந்தால் அருகிலுள்ள வன அலுவலகத்துக்கோ கிராம அலுவலருக்கோ அறிவித்தல் ஒவ்வொருவரது கடமையுமாகும்.

வயல் ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். விதைநெல் இருக்கும்வரை கமக்காரருக்கு நம்பிக்கையுண்டு. மழைக்காட்டுக்கு விதைநெல் அக்காடேயாகும். அதன் வித்தைப் பட்டறையிற் கட்டி வைக்கவோ, கடையில் வாங்கவோ, அயலூரிற் கடன் கேட்கவோ இயலாது. 1977ஆம் ஆண்டில் கோடரி ஓய்ந்தமையாலேயே, 1990களிற் பைன் தோட்டத்தில் நடுவதற்குக் கன்று கிடைத்தது. பசித்த காலத்திலும் விதைநெல்லைத் தொடாது காக்கும் கமக்காரருக்கு இதன் பொருளை விரித்துக் கூற வேண்டியதில்லை.